பர்மாக்கார அக்காவின் குப்பைமேடு

அந்த அக்காவிடம் எந்தத் தப்பைச் சுட்டிக்காட்டினாலும் உடனே ஒத்துக்கொள்வார். மறுத்துப் பேசமாட்டார், சமாதானமும் சொல்லமாட்டார். "ஆமா, தப்புத்தான். திருத்திர்றேன்" என்பார். ஆனால் அந்தக் காரியத்தையே விட்டுவிடு என்று யாராவது சொல்லிவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சொன்னவரின் முகத்தை நேராகப் பார்ப்பார். "தப்புன்னா சொல்லுங்க, திருத்துறேன். நிறுத்துறதப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசாதீக." காரைக்குடியில் எங்கள் தெருவில் அவர் குடியிருந்த நாலைந்து வருஷத்தில் இந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொள்ளாத பெரிய மனிதர்கள் குறைவு. அத்தனையும் ஒரு குப்பைமேட்டுக்காக.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்தேன். என் கணவருக்கு ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. எங்களுடையது சின்ன வீடு. பக்கத்தில் இருந்தது பெரிய வீடு, வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களுடைய கணக்கப்பிள்ளை மாதம் ஒரு தடவை வந்து கதவுகளைத் திறந்து காற்றாட விட்டுப் போவார். அந்த வீட்டின் பின்கோடியில், பின்சந்தைப் பார்த்தபடி ஒரு பழைய வண்டிக்கொட்டகையும் கிணறும் கொஞ்சம் வெறும் இடமும் இருந்தன. அந்தக் கொட்டகையைத் தட்டி வைத்து அடைத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கேதான் அக்கா தன் மகளோடும் தம்பியோடும் இருந்தார். எங்கள் கொல்லைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே நெஞ்சளவுச் சுவர்.

வந்த புதிதில் ஒரு நாள் வாழைக்காய்த் தோலையும் கீரைக்காம்பையும் சொளகில் அள்ளிக்கொண்டு பின்சந்துச் சாக்கடைப் பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அதக் கொட்டிராதீக. இங்குட்டுக் கொடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். நல்ல உயரமான பெண், நாற்பது வயதிருக்கும். உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. வெள்ளை ரவிக்கை, தோளில் துண்டு, இடுப்பில் கணுக்கால்வரை பூப்போட்ட கைலி. பெண்பிள்ளை கைலி கட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். நகமெல்லாம் கறுப்பு.

"மாட்டுக்கா?" என்று கேட்டேன்.

"மாடு ஏது எங்கிட்ட? மண்ணுக்கு" என்றார்.

கொடுத்தேன். சொளகைத் தட்டி வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் இங்குட்டே போடு ஆத்தா. புளி, எண்ணெய் பட்டது வேணாம், எலி வரும். பச்சையாக் கழிக்கிறது எல்லாம் எனக்கு" என்றார். பேச ஆரம்பித்த அந்த நிமிஷத்துக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

என் மாமியார் அன்று மதியமே எனக்கு விவரம் சொன்னார். பர்மாவில் கடைகண்ணியை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது வந்த குடும்பம். புருஷன் அங்கேயே செத்துப்போய்விட்டார். பூர்வீகம் சிவகங்கைப் பக்கம்தான், ஆனால் இங்கே ஒட்டு உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சவில்லை. தம்பி ஒரு மளிகைக் கடையில் நிற்கிறான். அவள் கைமிஷினில் ஜாக்கெட் தைக்கிறாள். "தையலு நல்லாத் தைப்பா. மத்தபடி அவகிட்ட ரொம்ப வச்சுக்காத. கைலியக் கட்டிக்கிட்டு ரோட்டுல சாணி அள்ளிட்டுத் திரியிறா" என்றார்.

அது உண்மைதான். விடிந்ததும் ஒரு கூடையும் தகரத் துண்டும் எடுத்துக்கொண்டு வண்டிமாடுகள் போகிற பாதையில் சாணி பொறுக்கிக்கொண்டு வருவார். நான் இளையாத்தங்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் களத்து ஓரத்தில் குப்பைக்குழி உண்டு, கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அதே சாணியை டவுனில், ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற கையால் ஒரு பெண் அள்ளும்போது, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

அவர் ஏன் இதற்கு இத்தனை பாடுபடுகிறார் என்று ஒரு தடவை கேட்டேன். காலால் அந்த இடத்துத் தரையைத் தட்டிக் காட்டினார். கடப்பாறை போட்டால் பொறி பறக்கிற செம்புறாங்கல் தரை. மேலே ஒரு விரல்கடை செஞ்சரளை.

"அங்க எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆத்து வண்டல். கன்னங்கரேல்னு இருக்கும். குச்சிய ஊனுனாத் துளிர்க்கும். இங்க மண்ணே இல்லையே. நாந்தான செஞ்சுக்கணும்."

அவர் செய்த முதல் முயற்சி நாசமாகப் போனது. ஆள் வைத்துக் குழி வெட்டி, சேர்த்த கழிவையும் சாணியையும் அதில் நிரப்பினார். ஐப்பசி மழை பிடித்தது. அந்தக் கல் தரையில் தண்ணீர் கீழே இறங்கவில்லை. குழி கிணறு மாதிரி நிறைந்து, உள்ளே கிடந்ததெல்லாம் அழுகிப் புழுத்துவிட்டது. நாற்றம் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்கும் போனது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, மூக்கில் துண்டை வைத்தபடி நின்றார்.

"என்னம்மா இது? குடியிருக்க இடம் கொடுத்தா ஊரையே நாறடிக்கிறீகளே. இன்னியோட இத மூடிருங்க."

"நாத்தம் எனக்கும்தான் வருது ஐயா. குழி போட்டது தப்பு. தண்ணி நிக்குது, காத்துப் போகல, அதான் அழுகிருச்சு. நாளைக்கே அள்ளி மேல போட்டுத் திருத்திர்றேன்."

"திருத்த வேணாம். நிறுத்துங்க."

அப்போதுதான் அந்தப் பேச்சை நான் முதல்முதலாகக் கேட்டேன். இடுப்பில் கை வைத்து, மழையில் நனைந்துகொண்டே சொன்னார். கணக்கப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார், யாராவது தனக்காகப் பேசுவார்களா என்று.  நாற்றம் நின்றால் சரி என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அக்கா சொன்னபடி செய்தார். அந்த அழுகலை ஒரு பகல் முழுக்கத் தனியாளாக அள்ளினார். மகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பதினெட்டு வயதுப் பெண், நல்ல நிறம், அதிர்ந்து பேசாதவள். தம்பி வேலைக்குப் போனவன் அன்று வீட்டுக்கே வரவில்லை. அக்கா துவரைச் செடியின் காய்ந்த குச்சிகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினார், அடியில் காற்றோட. அதன்மேல் வேப்பஞ்சருகு ஒரு அடுக்கு, காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, மேலே கரைத்த சாணி, ஒரு கை செம்மண். மறுபடி சருகு. இப்படி இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, பழைய சாக்கை நனைத்து மூடினார். நாற்றம் இரண்டொரு நாளில் போய்விட்டது. எப்படி என்று நான் கேட்டபோது, "ஈரம் கூடுனா நாறும். சருகக் கூட்டிப் போட்டா அடங்கும். காஞ்சு போச்சுன்னா வேலையே செய்யாது, அப்பத் தண்ணி தெளிக்கணும். கையில அள்ளிப் புடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்" என்றார்.

ஒரு நீளமான இரும்புக் கம்பியை மேட்டுக்குள் குத்தி வைத்திருப்பார். காலையில் எழுந்ததும் அதை உருவிக் கையில் பிடித்துப் பார்ப்பார். கம்பி சுட்டால் முகம் மலர்ந்துவிடும். சுடவில்லை என்றால் மண்வெட்டியை எடுத்து, மேட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் புரட்டிப் போடுவார். வெளியில் இருந்தது உள்ளே போகும், உள்ளே இருந்தது வெளியே வரும். நாலு மாசம் போல ஆனதும் ஓட்டைச் சல்லடையில் சலித்து, கறுப்பாக, பொலபொலவென்று ஒரு மண்ணை அள்ளிக் காட்டினார். என்னை முகரச் சொன்னார். கோடை மழையின் முதல் தூறலில் வயக்காட்டில் எழும் வாசனை.

அதை அந்தச் சரளையின் மேல் பாத்தியாகப் போட்டு, புளிச்சைக்கீரை, கத்தரி, புடலை எல்லாம் வைத்தார். தெருவில் முதலில் சிரித்தவர்களே பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று புடலங்காய் விலை கேட்டார்கள். "தோலு கொண்டாந்து போட்டுட்டு, காய எடுத்துட்டுப் போங்க" என்பார் அக்கா. பலருக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினால் கௌரவம், தோலைக் கொண்டுவந்து கொட்டுவது கௌரவக் குறைவு. ஆனாலும் மறைத்து மறைத்துக் கொண்டுவந்தார்கள். என் மாமியார் மட்டும் கடைசிவரை வரவில்லை. எங்கள் வீட்டுத் தோலை நான்தான் சுவருக்கு மேலே கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் பார்ப்பார், பார்க்காத மாதிரி இருப்பார்.

இப்படியே போயிருந்தால் அக்கா எங்கள் தெருவிலேயே நிலைத்திருப்பார். எல்லாம் மாறியது ஒரு கல்யாணத்தில்.

தெருக்கோடி வீட்டில் பெரிய கல்யாணம். பின்வாசலில் பந்தி முடிந்து எடுத்த வாழையிலைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சாப்பிட்டுப் போட்ட எச்சில் இலைகள். அக்கா வாடகைக்கு ஒரு தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு நடுப்பகலில் அங்கே போய் நின்றார். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலைகளை உதறி உதறி வண்டியில் அடுக்க ஆரம்பித்தார். மிச்சச் சோற்றை நாய்களுக்கு ஒதுக்கினார். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பந்தலை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்துவிட்டது. பட்டுப்புடவைகள் எல்லாம் மூக்கைச் சுளித்து நிற்க, நடுவில் அவர் ஒருவர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார்.

யாரோ ஒரு பெரியவர், "தோட்டி வேலைய நீ ஏம்மா செய்ற?" என்று கேட்டார்.

அக்கா இலையை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "அவுக அதச் செய்யலைன்னா நாளைக்கு இந்த வாசல்ல நீங்க நிப்பீகளா ஐயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.  என் ஜாக்கெட் துணி அப்போது அவர் வீட்டில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து பெண்கள் வந்து தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. 'அவசரமா ஊருக்குப் போறேன்', 'தம்பி வேற துணி எடுத்துட்டு வந்துட்டான்', இப்படித்தான். அக்கா ஒன்றும் கேட்காமல் மடித்து மடித்துக் கொடுத்தார். என் துணியையும் வாங்கி வரும்படி மாமியார் சொன்னார். நான் போய், அக்கா தைத்து முடித்து வைத்திருந்த ஜாக்கெட்டை வாங்கி வந்து, அதையே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். மாமியார் என்னோடு இரண்டு வேளை பேசவில்லை.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. அக்காவின் தம்பி அலைந்து திரிந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தான். மாப்பிள்ளை தேவகோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவர்கள் பெண் பார்த்துப் பிடித்தும் போயிருந்தது. அந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி தெருக்கோடி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள், கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். தம்பி மூலமாகச் சேதி வந்தது. பெண்ணைப் பற்றிக் குறையில்லை. தாயார் அந்த வேலையை விட்டுவிட்டு, கொல்லையைச் சுத்தம் பண்ணி வைத்தால் மேற்கொண்டு பேச வருகிறோம்.

அன்று சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லிரு. விட்டுட்டேன்னு. தாலி ஏறட்டும், அப்புறம் நீ என்னத்தையும் அள்ளு, நான் கேக்க மாட்டேன்."

"எச்சி எலைய அள்ளுனது தப்புன்னு வச்சுக்கிருவோம். நாலு பேருக்கு அருவருப்பா இருந்திருக்கு. இனி அள்ளல. போயிச் சொல்லு."

"அது மட்டும் பத்தாது. மேட்டையும் எடுக்கச் சொல்றாக."

"அத எடுக்க மாட்டேன்."

"ஏன்க்கா? ஒரு குப்பைக்காகவா?"

"அங்க வந்து கடைய நிறுத்துன்னான், நிறுத்துனோம். வீட்ட விட்டுப் போன்னான், வந்துட்டோம். ஒரு வார்த்தை நம்ம பேசல. உங்க மச்சான் அந்த ஏக்கத்துலயே போனாரு. இனிமே ஒருத்தன் வந்து நிறுத்துன்னு சொல்லி நான் நிறுத்துறதா இல்ல. இன்னிக்கு மேட்ட எடுக்கச் சொல்றவுக, நாளைக்கு எம் மகள என்னென்னத்த விடச் சொல்வாகன்னு யோசிச்சியா?"

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீகளே, என்னைய ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டீகளா?"

 அக்கா கம்பியைப் பிடித்தபடி மேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அந்த வாரமே கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டான். சம்பந்தமும் அதோடு நின்றது. மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல மண்வெட்டியை எடுத்து மேட்டைப் புரட்டினார். எனக்கு அன்று அவர்மேல் கோபமாக இருந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கையைவிட இது என்ன அப்படிப் பெரிசு என்று நினைத்தேன். தோலைக் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்தேனே தவிரப் பேசவில்லை.

தாயும் மகளும் ஒரே கூரைக்குள் பேசாமல் இருந்தார்கள். மாசக்கணக்கில். மகள் மிஷினில் உட்கார்ந்து வெளித்தெருக்களிலிருந்து வந்த துணிகளைத் தைப்பாள். அக்கா சோறாக்கி மூடி வைத்துவிட்டு மேட்டுப் பக்கம் வந்துவிடுவார். நடுவில் ஒரு தடவை என்னிடம், "அவள நான் கேட்டிருக்கணும் ஆத்தா. கேக்காதது தப்பு" என்றார். அதை அவளிடமே சொல்லலாமே என்றேன். "சொன்னேன். மிஷினை வேகமா மிதிச்சா" என்றார். அது கைமிஷின். அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது.

பெரிய வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து வரப்போகிறார்கள், முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம் இந்த வீட்டில்தான் நடக்கும் என்று சேதி வந்தது. வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். ஒரு நாள் முற்பகலில், அக்கா நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கணக்கப்பிள்ளை இரண்டு கூலியாட்களையும் ஒரு மாட்டு வண்டியையும் கூட்டிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேட்டின்மேல் கிடந்த சாக்கை உருவி எறிந்தார்.

"அள்ளிக் கம்மாய்க் கரையில கொட்டிட்டு வாங்க" என்றார் ஆட்களிடம்.

நான் சுவரருகே ஓடினேன். "அந்த அக்கா வரட்டுமே ஐயா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஆள் மண்வெட்டியை ஓங்கினான்.

மிஷின் சத்தம் நின்றது. மகள் வெளியே வந்தாள். வெள்ளைத் தாவணி கட்டியிருந்தாள். கையில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது. நேராக வந்து, மேட்டின்மேல் ஏறி, உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மண்வெட்டி ஓங்கியவன் அப்படியே நின்றான்.

"எந்திரிம்மா. வயசுப் பிள்ளை இப்பிடிக் குப்பையில ஏறி உக்காரலாமா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"எங்கம்மா வாறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"இந்தக் குப்பையாலதான உனக்கு வந்த நல்ல எடம் போச்சு? உனக்கு நல்லதுதான் செய்றேன்."

"எனக்கு நல்லது எதுன்னு ஆளாளுக்கு முடிவு பண்ணாதீக" என்றாள்.  இடத்தை விட்டு அசையவில்லை.

கூலியாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைமேல் கை வைக்க அவர்களுக்கு மனசில்லை. ஒருவன் பீடி பற்ற வைத்துக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்தான். கணக்கப்பிள்ளை வெயிலில் அங்கும் இங்கும் நடந்தார். பின்சந்தில் தலைகள் கூடிவிட்டன. அவ்வளவு பேர் பார்க்க அதிர்ந்து பேசாத அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தாவணி ஓரமெல்லாம் சாணிக்கறை ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா வந்தார். வண்டியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், மேலே இருந்த மகளைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பேச வாயெடுத்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் மகளின் முன்னால் நின்றார். பல மாசத்துக்குப் பிறகு அவர்கள் முகத்துக்கு முகம் பேசியது அப்போதுதான்.

"உள்ள சூடு தெரியுதா?"

"தெரியுது. நல்லாவே சுடுது."

"அப்ப நல்லா வேலை செய்யுது. இறங்கு" என்றார் அக்கா. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி பட்டிருக்க வேண்டும்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள எடத்தக் காலி பண்ணிருங்க. எனக்கு இந்த வழக்கே வேணாம்" என்றார்.

"கொட்டகை உங்க முதலாளியோடது. காலி பண்றேன். இந்த மேடு என்னோடது. பாத்தியில கிடக்கிற மண்ணும் நான் செஞ்சது. ஒரு கூடை விடாம எடுத்துட்டுத்தான் போவேன்."

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு என்று ஊருக்கு வெளியே அரசாங்கம் ஒதுக்கிய மனைகளில் ஒன்று அக்காவுக்கும் இருந்தது. தண்ணீர் கிடையாது, முழுக்கச் சரளைக் காடு என்று தம்பி வேண்டாம் என்றிருந்தான். அங்கேதான் போனார்கள். போகிற நாளன்று சட்டிபானைக்கும் மிஷினுக்கும் ஒரு வண்டி போதுமாக இருந்தது. மண்ணுக்கு மட்டும் தனியாக வண்டிகள் பிடித்திருந்தார். பாத்திகளைத் தரைவரை சுரண்டி அள்ளினார்கள். பழையபடி செம்புறாங்கல் தெரிந்தது.

வண்டிகள் பின்சந்து வழியாகப் போகும் என்று நினைத்தேன். அக்கா முன்தெருவுக்குத் திருப்பச் சொன்னார். காலை நேரம். வாசல்தோறும் ஆட்கள் நின்றார்கள். கொண்டையைத் தூக்கிக் கட்டி, துவைத்த கைலி கட்டி, முதல் வண்டிக்கு முன்னால் அக்கா நடந்தார். யாருடைய முகத்தையும் தவிர்க்கவில்லை. தெரிந்தவர்களிடம், "போயிட்டு வாரேன்" என்றார். சிலர் தலையை ஆட்டினார்கள். அவரிடம் புடலங்காய் வாங்கித் தின்ற ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே கடைசி வண்டியின் சக்கரம் சாக்கடைக் கல்லில் இறங்கிவிட்டது. மாடுகள் முக்கிப் பார்த்தன, நகரவில்லை. மகள் பின்னால் போய்த் தோள் கொடுத்தாள். அக்கா திரும்பி வந்து இன்னொரு பக்கம் பிடித்தார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய் நடுவில் கை வைத்தேன். பலகை இடுக்கிலிருந்து கறுப்பு மண் என் கையிலும் காலிலும் கொட்டியது. இன்னும் உள்சூடு ஆறவில்லை. மூன்று பேரும் தள்ள, சக்கரம் ஏறியது. நான் கையை எடுக்காமல் தெருமுனைவரை கூடவே போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மனையில் குடிசை போடுவதற்கு முன்னாலேயே அக்கா மண்ணை இறக்கிப் பாத்தி கட்டினார். தண்ணீருக்கு வெகுதூரம் நடந்தார்கள். எழுபதுகளில் நான் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தபோது அங்கே முருங்கையும் வாழையும் நின்றன, அக்கம்பக்கத்துக் குடிசைகளின் பின்னாலும் சாக்குப் போட்டு மூடிய மேடுகள் இருந்தன. மகளுக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் அச்சு வார்க்கிற ஒருவரோடு கல்யாணம் ஆகியிருந்தது. பிள்ளையார்பட்டியில் வைத்துத் தாலி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் மகளைக் கேட்டுக் கேட்டுச் செய்ததாக அக்கா சொன்னார். மகள், "கேட்டுக் கேட்டு உசுர வாங்கிட்டாக" என்றாள். தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கியது. ஆனாலும் அன்றைக்குத் தான் செய்தது சரியா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. 

அக்கா காலி பண்ணிப் போன அன்று தெருமுனையில் வண்டிகள் திரும்பி மறைந்த பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்குட்டுப் போயிட்டு வார?"

"வண்டி தள்ளிட்டு வாரேன் அயித்தை."

என்னை மேலும் கீழும் பார்த்தார். முழங்கைவரை, கால்விரல் இடுக்குவரை கறுப்பு.

"சந்து வழியாச் சுத்திக் கொல்லைக்குப் போ. இப்பிடியே வீட்டுக்குள்ள வராத."

நான் படியேறி, அவரைத் தாண்டி முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். நடுவீட்டைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, கொல்லைக் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக் கைகாலைக் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால் வழுவழுப்பான, பூப்போட்ட தரைக்கல்லில் வாசலிலிருந்து கொல்லைவரை என் காலடிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. மாமியார் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் நானேதான் துடைத்தேன். அவசரப்பட்டுத் துடைக்கவில்லை.